ஹெடர் இல்லாத மெயில்

முதல்ல அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கோங்கம்மா. இந்த சர்வர் ரூம்ல அரை மணி நேரம் உட்கார்ந்தாலே முதுகு பிடிச்சுக்கும். எனக்குப் பதினாறு வருஷமாப் பழகிப் போச்சு, இப்போ வெளியில போனாத்தான் புழுங்குது. டீ சொல்லட்டுமா? வேண்டாம்னா சரி. பதினாலு மாசமா நான் தேடிக்கிட்டிருந்த மெயில் கோளாறை, கம்பெனி கூப்பிட்டு வெளியில இருந்து வந்து ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டீங்க. கெட்டிக்காரப் பொண்ணுதான். உங்களை மாதிரி ஒருத்தர் என்கூட வேலை பார்த்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

நீங்க கேட்டதுக்குப் பதில், ஆமா, சர்வர்ல அந்த விதியை, அதாவது ரூலை, எழுதினது நான்தான். நாலே வரி. இந்த சர்வர் வழியாப் போற எந்த மெயிலா இருந்தாலும் அதோட ஹெடரைச் சுரண்டிட்டு உள்ளே விடுன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியும், ஆனா நீங்க எழுதிக் கொடுக்கிறதை மேலே படிக்கப் போறவங்களுக்குத் தெரியாதே, அதுக்காகச் சொல்றேன். ஹெடர்ங்கிறது தபால் உறை மேல ஒவ்வொரு ஊர்லயும் குத்துற முத்திரை மாதிரி. எப்போ கிளம்பினது, எந்த மெஷின் வழியா வந்துச்சு, எங்கே எவ்வளவு நேரம் நின்னுச்சு, எல்லாம் அதுல இருக்கும். அதை எடுத்துட்டா கடிதம் இருக்கும், எழுதினவர் பேர் இருக்கும், எப்போ அனுப்பினார்னு மட்டும் தெரியாது. வந்து சேர்ந்த நேரத்தையே அனுப்பின நேரமாக் காட்டும்.

பதினாலு மாசமும் நான் சும்மா இருந்துடலை. சரக்கு அனுப்புற டிஸ்பாட்ச் மேனேஜரைப் பார்த்திருப்பீங்க, நாங்க கடுகுன்னு சொல்வோம், அவ்வளவு சீக்கிரம் பொரிவார். வாராவாரம் என் மேஜை முன்னாடி வந்து நிப்பார். "யோவ், முந்தாநாள் போட்ட மெயில் இன்னிக்குப் போட்டதாக் காட்டுது, எது எதுக்குப் பதில்னே புரியலை, நீ என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே?" நான் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்புவேன். ஆன்ட்டிவைரஸ் மேல பழி போட்டேன். அப்புறம் இன்டர்நெட் லைன் மேல. லைன்காரங்க ரெண்டு தடவை வந்து வயரெல்லாம் மாத்திட்டுப் போனாங்க, பாவம். நாற்பத்தோரு புகார் வந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழே என்னென்ன செஞ்சு பார்த்தேன்னு எழுதியிருக்கேன், எழுதினதெல்லாம் நிஜமாவே செஞ்சதுதான். செய்யாததைச் செஞ்சேன்னு எழுதுறது எனக்குப் பிடிக்காது.

ஏன்னு கேட்கிறீங்க. சொல்றேன், அவசரப்படாதீங்க.

இங்கே அட்டைப்பெட்டி செய்றோம். அட்டை காய நீராவி வேணும், அதுக்கு ரெண்டு பாய்லர் இருந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டவர் என் தங்கச்சி புருஷன். இந்த வேலையில அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரு நட்டு லூசா இருந்தாக்கூடச் சோறு இறங்காது அவருக்கு. அப்படிப்பட்டவர் ஒரு நாள், ரெண்டாம் நம்பர் பாய்லர்ல சேஃப்டி வால்வு இறுகிப் போச்சுன்னு கண்டுபிடிச்சார். அழுத்தம் கூடினா அது தானாத் தூக்கி நீராவியை வெளியே விடணும். தூக்கலை. பாய்லரை நிறுத்தணும்னா ஃபேக்டரி மேனேஜர் உத்தரவு வேணும். வாயால சொன்னா இங்கே எதுவும் எடுபடாது, எல்லாத்தையும் மெயில்ல போடுன்னுதான் சொல்வாங்க. மாப்பிள்ளைக்கு மெயில் போட்டுப் பழக்கமில்லை, என்கிட்டதான் வந்தார். "போட்டோவோட அனுப்புங்க மாப்பிள்ளை, நாளைப்பின்ன ஒண்ணுன்னா அதுதான் உங்களுக்குச் சாட்சி"ன்னு சொல்லிக் கொடுத்தேன்.

ஸ்டோர்ஸ்ல எல்லாரும் பயன்படுத்துற கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு மணி நேரம் ஒத்த விரல்ல தட்டி, ஆறு போட்டோவைச் சேர்த்து அனுப்பினார். கனமான மெயிலையும் சந்தேகமான மெயிலையும் இந்த சர்வர் உடனே உள்ளே விடாது, தனியாப் பிடிச்சு வைக்கும். தினம் காலையில நான் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்து, நல்லதை விட்டுட்டுக் குப்பையைத் தள்ளணும். காலையில வந்ததும் என் முதல் வேலையே அதுதான்.

சாக்குன்னு நினைக்காதீங்க. நானூறு பேருக்கு நான் ஒருத்தன். கூட இருந்த ரெண்டு பேரை வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. காலையில உள்ளே நுழையும்போதே ஒருத்தருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும், இன்னொருத்தரோட பிரிண்டர் பேப்பரை மென்னுக்கிட்டிருக்கும். பிடிச்சு வச்ச மெயில் நாளைக்கு முந்நூறு வரும், அதுல அஞ்சு ஆறுதான் நல்லது. ஒரு நாள் பார்க்காம விட்டேன். யாரும் கேட்கலை. மறுநாளும் விட்டேன். அப்படியே பழகிப் போச்சும்மா. மாப்பிள்ளையோட மெயில் அங்கே ஒன்பது நாள் கிடந்துச்சு.

ஒன்பதாம் நாள் காலை பத்து நாற்பதுக்குப் பாய்லர் வெடிச்சுது. ஃபிட்டர் ஒருத்தர், வெந்நீர் பிடிக்க வந்த கேன்டீன் அம்மா ஒருத்தர், ரெண்டு பேர் போயிட்டாங்க. மாப்பிள்ளை அப்போதான் கதவைத் தாண்டி வெளியே வந்திருந்தார், அதனால உயிர் மிச்சம், ஒரு காது மட்டும் போச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. நான் இந்த ரூமுக்கு வந்தேன்.

பட்டியலைத் திறந்ததும் அவர் பேர் கண்ணுல பட்டுது. அப்படியே உள்ளே விட்டா ஒன்பது நாள் முந்தின தேதியோட போகும், ஏன்டா இங்கே கிடந்துச்சுன்னு என்னைத்தான் கேட்பாங்க. அழிச்சுட்டா அவர் அனுப்பவே இல்லைன்னு ஆயிடும், அது அநியாயம். அதனால நடுவுல ஒரு வழி யோசிச்சேன். பதினொண்ணு இருபதுக்கு விதியை எழுதினேன், நீங்க பார்த்த அதே நேரம்தான். அப்புறம் அந்த மெயிலை விட்டேன். பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு, அப்போதான் அனுப்பின மாதிரி, மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அனுப்பினவரோட பெட்டியில பழைய தேதியோட ஒரு பிரதி நிக்குமே, அதை எடுத்து என் டிஸ்க்ல வச்சுக்கிட்டேன். அழிக்கலை, இப்பவும் இருக்கு. ஒரு மெயிலையும் நான் அழிக்கலைங்கிறதைக் குறிச்சுக்கோங்க.

போட்டோவைப் பத்தித்தான் நான் யோசிக்காமப் போயிட்டேன். போட்டோவுக்குள்ள எடுத்த தேதி இருக்கும் இல்லையா, போலீஸ் அதைப் பார்த்துட்டாங்க. ஒன்பது நாளைக்கு முன்னாடியே வால்வு கெட்டதைப் படம் பிடிச்சிருக்கான், வாயைத் திறக்கலை, ரெண்டு பேர் செத்ததும் தப்பிக்கிறதுக்காக ஓடிப் போய் மெயில் தட்டியிருக்கான். அப்படி ஆயிடுச்சு கணக்கு, கேஸ் மாப்பிள்ளை மேலேயே விழுந்துச்சு. மேனேஜரும் வெடிச்சப்புறம்தான் எனக்கு வந்துச்சுன்னு சொன்னார், அவர் சொன்னது உண்மைதானே. என்கிட்ட மெயில் நகல் கேட்டாங்க. சர்வர்ல உள்ளபடி சரின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சர்வர்ல அப்படித்தான் இருந்துச்சு. கூட வந்த நிபுணர் ஒருத்தர் ஹெடர் எங்கேன்னு கேட்டார். "எல்லார் மெயிலும் இப்படித்தான் சார், சர்வர்ல ஏதோ கோளாறு"ன்னு பத்து மெயிலைத் திறந்து காட்டினேன். அதுக்கப்புறம் விதியை எடுக்க வழியில்லாமப் போச்சு. ஒரு மெயில்ல மட்டும் ஹெடர் இல்லைன்னா சந்தேகம் வரும், நானூறு பேருக்கும் இல்லைன்னா அது கோளாறு.

ஃபிட்டரும் மாப்பிள்ளையும் அவ்வளவு சிநேகம், ஒரே டப்பாவுல சாப்பிடுவாங்க. ஃபிட்டரோட சம்சாரம் ஒரு நாள் தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. சண்டை போடலை, திட்டலை. "தெரிஞ்சும் ஏன் அண்ணே சொல்லலை?" அவ்வளவுதான் கேட்டாங்க. மாப்பிள்ளை, "அனுப்பினேன்மா, சத்தியமா அனுப்பினேன்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். செருப்பை மாட்டிக்கிட்டு அந்த அம்மாவை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்.

இப்போ அவர் அப்படிச் சொல்றதில்லை. வெடிச்சதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் என்ன பண்ணினார்னு அவருக்கு ஞாபகமே இல்லை, ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுதான் தெரியும். அந்தக் குழப்பத்துல வேற யாரும் அவரைக் கவனிக்கலை, பதினொண்ணே முக்காலுக்குத்தான் ஸ்டோர்ஸ் பக்கம் கிடந்தவரைத் தூக்கிட்டுப் போனாங்க. போன மாசம் என்கிட்ட கேட்கிறார். "மச்சான், அன்னிக்கு எழுதிட்டு பட்டனை அமுக்காம வந்துட்டேனோ? வெடிச்சப்புறம் போய் அமுக்கினேனோ? எனக்கே தெரியலையே மச்சான்." மனுஷன் பாதியா இளைச்சுப் போயிட்டார். குழந்தைங்க முகத்தைப் பார்க்கவே கூசுறார். திங்கக்கிழமை கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கப் போறார். ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு வக்கீல் சொன்னார், நானும் அதுதான் நல்லதுன்னு சொன்னேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான்தான் கூடப் போறேன். என் தங்கச்சி, "நீ மட்டும் இல்லைன்னா நாங்க என்ன கதி ஆகியிருப்போம் அண்ணா"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வா.

நீங்க கண்டுபிடிக்காம இருந்தா வாயைத் திறந்திருப்பேனான்னு கேட்கிறீங்க. திறந்திருப்பேன். இன்னிக்கு வெள்ளிதானே, திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்துச்சு.

இன்னொண்ணு கேட்டீங்க, அந்த ஒன்பது நாள்ல மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை விசாரிக்கவே இல்லையான்னு. விசாரிச்சார். அனுப்பின மூணாம் நாள், கீழே படிக்கட்டுல நிறுத்திக் கேட்டார்.

"மச்சான், மேனேஜர் ஒண்ணுமே சொல்லலையே. மெயில் போயிருக்குமா?"

"போயிடுச்சு மாப்பிள்ளை."

"பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன்."

பார்க்கலை. மாடி ஏறி வந்து பட்டியலைத் திறந்து பார்க்கணும், ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு அன்னிக்கு அவ்வளவு அலுப்பா இருந்துச்சும்மா. அவர் முகம் தெளிஞ்சுபோச்சு. "அப்போ சரி, மேனேஜர் பார்த்துக்குவார், இனிமே நான் நச்சரிக்க வேண்டாம்"னு சொல்லிட்டுப் போனார். நான் பார்க்கலைன்னு சொல்லியிருந்தா அவர் அன்னிக்கே மேனேஜர் ரூம் முன்னாடி போய் உட்கார்ந்திருப்பார், பாய்லரை நிறுத்தாம எழுந்திருச்சிருக்க மாட்டார். ஆறு நாள் கழிச்சு வெடிச்சுது. அந்த ரெண்டு பேரைக் கொன்னது நான்தான், சுத்தி வளைக்காம அப்படியே எழுதிக்கோங்க. எங்கே கையெழுத்துப் போடணுமோ போடறேன். டிஸ்க் இந்த அலமாரியில மேல்தட்டுல இருக்கு, சாவி இதோ.

ஒரே ஒரு உதவி. கோர்ட்டுக்குக் கொடுங்க, போலீஸுக்குக் கொடுங்க, என் தங்கச்சிகிட்ட மட்டும் நீங்க நேரா போய்ச் சொல்லிடுங்கம்மா. நான் போய்ச் சொன்னா அவ நம்ப மாட்டா. "என் புருஷனைக் காப்பாத்த நீ ஏன் அண்ணா பழியை உன் தலையில தூக்கிப் போட்டுக்கிறே"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. அவ அப்படி அழுதுட்டா, நான் ஆமான்னு சொல்லிடுவேன்.