எண்ணெய் மணத்துக்கு வந்த குரல்

இந்த ஒலிபெருக்கிப் பெட்டியை ஃபோனோடு இணைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் நீல விளக்கு மினுங்கும். ஃபோனில் அதன் பெயர் தெரியும், தொட்டால் முடிந்தது. ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த முறை அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவரோடுதான், அதுவும் முந்திக்கொண்டவரோடு. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ரஷ்யாவில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த என் தம்பி மெலிஸின் சாமான்களோடு வந்தது அது. ஒரு டேப்லட்டும் வந்தது. நாரின் என்னும் ஆற்றின் ஓரம் எங்கள் வீட்டை ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. அந்தப் பக்கம் அவன் மனைவி புரூலும் மகள் பெர்மெத்தும். இந்தப் பக்கம் நான் மட்டும். எனக்குக் குழந்தை இல்லை.

வெள்ளிதோறும் மாவை எண்ணெயில் பொரிப்போம். அந்த மணம் இறந்தவர்களைப் போய்ச் சேரும். பொரிக்கும்போது புரூல் டேப்லட்டில் குர்ஆன் ஓதலை வைப்பாள். சத்தம் போதவில்லை என்று பெட்டியை என்னிடம் கொண்டுவந்தாள்.

"அண்ணி, இத கொஞ்சம் சேத்துக் குடுங்களேன். எனக்கு இந்த எழவு பிடிபடவே மாட்டேங்குது."

"மாவு பெசையத் தெரிஞ்சா மட்டும் போதுமாடி?" என்று சிரித்தபடி வாங்கினேன். முதலில் என் ஃபோனோடு இணைத்தேன், பிறகு அவள் டேப்லட்டோடு. சரிபார்க்கத்தான். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை.

அந்த வாரம்தான் சொன்னாள், வருடச் சடங்கு முடிந்ததும் குழந்தையோடு தலைநகர் பிஷ்கெக் போய்த் தையல் வேலையில் சேரப்போவதாக. பெர்மெத் என் மடியில்தான் தூங்குவாள்.

புரூலின் ஃபோன் உடைந்து கிடந்த வருடம், அவளுக்கான குரல்செய்திகளை மெலிஸ் எனக்குத்தான் அனுப்புவான். எல்லாம் பத்திரமாக இருந்தன. அடுத்த வெள்ளி மணம் வந்ததும் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் பெட்டியை முடுக்கியதும் என் ஃபோன் முந்திக்கொண்டது. ஒரு துண்டு மட்டும் வைத்தேன்: "புரூல், இருக்கியா?"

கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்: "இருக்கேங்க. இங்கதான் இருக்கேன்."

என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணி, எண்ண மணத்துக்கு அவரு வந்துட்டாரு!"

"வராம எங்க போவான்? அவன் வீடு இங்கதான இருக்கு" என்றேன்.

பயணத்தைத் தள்ளிப்போட்டாள். ஆறு வெள்ளி போனது. பொரித்ததில் நல்லதையெல்லாம் பெட்டிக்கு முன்னால் வைப்பாள், தான் சாப்பிடமாட்டாள். இளைத்துப்போனாள். ஆனாலும் நிம்மதியாக இருந்தாள் என்றுதான் சொல்வேன்.

ஏழாவது வாரம் வந்து, "அண்ணி, சனிக்கிழம காருக்குச் சொல்லிட்டேன். அவரும் கூட வராரு. பெட்டிய மடியிலயே வச்சுக்குவேன்" என்றாள்.

பிஷ்கெக்கில் அது பேசாது என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை போயிருக்கும்.

அவளிடம் சேர்க்காத செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. மெலிஸ் சாவதற்கு ஒரு மாதம் முன்பு, ரஷ்யாவுக்கு வரச்சொல்லி அனுப்பியது. வெள்ளி நண்பகலில் அதை வைத்தேன். "புரூல், கிளம்பி வந்துடு. உனக்காகத்தான் காத்துட்டிருக்கேன்." அவளுடையதை அவளிடம் கொடுத்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் "பாப்பாவையும் தூக்கிட்டு வா" என்று இருந்தது. அதை வெட்டிவிட்டேன். குழந்தை பிழைத்தது என்னால்தான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெர்மெத்தை என் வாசலில் விட்டாள். "பாத்துக்குங்க அண்ணி. அவரு கூப்பிட்டுட்டாரு." புதுப்பெண் போல முகம் மலர்ந்திருந்தது.

மார்ச் மாதம். ஆற்றின்மேல் உறைந்த பனி நண்பகலில் ஆளைத் தாங்காது, ஊருக்கே தெரியும். அவள் கரையிறங்கியதை ஜன்னல் வழியே பார்த்தேன். கூப்பிடவில்லை. அவள் அடுப்பை அணைக்காமல் போயிருந்தாள். வீடு பற்றிக்கொள்ளக்கூடாதே என்று போய் அணைத்தேன்.

இப்போது குழந்தை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "அத்தை, அம்மா எப்ப பேசுவா?" என்கிறாள். சாப்பிடமாட்டேன் என்று அடம். என் ஃபோனில் புரூலும் இருக்கிறாள். உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போனபோது மகளுக்கு அனுப்பியது: "அத்தை சொல்றபடி கேட்டு நடந்துக்கோ கண்ணு." போன வெள்ளியே வைக்கலாமென்றிருந்தேன், அதற்குள் ஃபோனை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

இந்த வெள்ளிக்குள் கொடுத்துவிட்டால் நல்லது. மாவு வாங்கி வைத்துவிட்டேன்.