மலைக்கு ஒரு போன்

– சார், மலைக்குப் போன் போட்டீங்களா இல்லையா?

– கதவத் தட்டிட்டு வரமாட்டியாம்மா?

– தட்டினேன். நீங்க குறட்டை விட்டுட்டிருந்தீங்க.

– கண்ண மூடி யோசிச்சிட்டிருந்தேன்...

– போட்டீங்களா?

– போடலாம், போடலாம். உன் ஏலியன் எங்க ஓடிடப் போறான்?

– ஓடுறான் சார்! நேத்து இருந்ததுல பாதிதான் இன்னைக்குக் கேக்குது.

– பாதியா?... கருவி சூடாகியிருக்கும்.

– கருவி நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நேரத்துல நட்சத்திரம் இறங்கிடும். நாளைக்கு அது ஏறி வரும்போது சிக்னல் மிச்சம் இருக்குமோ என்னவோ. நம்ம ரேடியோ டிஷ் மட்டும் கேட்டுச்சுன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. மலை மேல இருக்கிற டிஷ்ஷும் இப்பவே கேக்கணும். அவங்ககிட்ட குழுத் தலைவர்தான் பேசணும்னு விதி போட்டது யாரு?

– நான்தான்.

– அப்ப பேசுங்க!

– சேட்டிலைட்டா இருக்கும்மா.

– பாத்தாச்சு. அந்தப் பக்கம் எதுவும் போகல.

– எவனாவது செல்போன அணைக்காம உள்ள வந்திருப்பான்.

– டிஷ்ஷ அந்தாண்ட திருப்பினா சிக்னல் போகுது. நட்சத்திரத்துக்குக் கொண்டுவந்தா வருது. எவன் சார் செல்போனோட வானத்துல போய் உக்காந்திருக்கான்?

– ஹ ஹ... நல்லா பேசுற.

– நான் அனுப்பின படத்தப் பாத்தீங்களா?

– பாத்தேனே. நல்லா இருந்துச்சு.

– நல்லா இருந்துச்சா? அது என்ன கல்யாண ஆல்பமா?

– ஏன்மா உனக்கு எதுக்கெடுத்தாலும் மூக்குக்கு மேல...

– வராம? எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான். மீட்டிங்ல நான் ஒண்ணு சொன்னா உங்க காதுல ஏறாது. அதையே பக்கத்து நாற்காலிக்காரன் திருப்பிச் சொன்னா, "அடடா"ன்னு எழுதிக்கிறீங்க. சரி, தொலையட்டும். எங்கேயோ இருக்கிறவன் பேசுறத கேக்கத்தான இந்த டிஷ்ஷ கட்டி வெச்சிருக்கீங்க? எதிர்ல நின்னு கத்துறவ சத்தம் கேக்கலையா?

– தண்ணி குடி மொதல்ல.

– போன எடுங்க சார்.

– முடியாதும்மா.

– ஏன்?

– அது... மலைக்காரங்க முன்னாடி என் மானம் போயிடும்.

– நான் கண்டுபிடிச்சதுக்கு உங்க மானம் எதுக்குப் போகணும்?

– கதவச் சாத்து.

– என்ன சார் பூச்சாண்டி காட்டுறீங்க?

– சாத்தேன்.

– சாத்திட்டேன். சொல்லுங்க.

– கோவப்பட மாட்டியே?

– ஏற்கெனவே பட்டுட்டுத்தான் நிக்கிறேன்.

– அது... நான் வெச்சதும்மா.

– எது?

– அந்த சிக்னல். நீங்கள்லாம் கண்ணத் தொறந்துதான் வேலை பாக்குறீங்களான்னு சோதிக்க, நானே ஒரு பொய் சிக்னல உள்ள கோத்துவிட்டேன். டிஷ்ஷ திருப்பினா போற மாதிரி, கொண்டுவந்தா வர்ற மாதிரி... கச்சிதமா செஞ்சேன். நீ ஒருத்திதான் பிடிச்ச. ரெண்டு நாளா சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு... ஏம்மா, சந்தோஷப்படேன்! பாஸாயிட்ட!

– மணி என்ன சார் இப்ப?

– மணி எதுக்கு? கடிகாரத்த ஏன் அப்படி மொறைக்கிற?

– நீங்க வெச்சது அந்த ரெட்டை நட்சத்திரத்துலதான?

– ஆமா... உனக்கெப்படித் தெரியும்?

– அத போன வாரமே பிடிச்சுட்டேன் சார். ரொம்ப சுத்தமா இருந்துச்சு, யாரோ வெச்சதுன்னு பாத்ததும் தெரிஞ்சுது. சோதனை கெட்டுடக் கூடாதேன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. ரெண்டு நாளா நான் தொண்ட கிழியக் கத்துறது வேற நட்சத்திரம்... இப்ப நீங்க சிரிப்ப அடக்கிட்டிருந்தப்பவே அது இறங்கிடுச்சு.