ஒரே வண்டி, மூணு விலை

— எழுபத்தொன்பதாயிரமா! ஏன்யா ஹார்லன், உன் காதுல விழுந்துச்சா? நம்ம வீட்ட வாங்குறப்போ முப்பத்தெட்டாயிரம் டாலர். அதுல மூணு ரூம், ஒரு கிணறு, நாப்பது ஏக்கர் புல்லு. இதுல என்ன இருக்கு? நாலு சக்கரம்!

— அது எண்பத்தொண்ணாம் வருஷம், ஒலீட்டா.

— எந்த வருஷமா இருந்தா என்ன? தம்பி டேரல், கண்ணாடில ஒட்டியிருக்கிற விலைச்சீட்ட நீயே ஒரு தடவ படிச்சுப் பாரு. உனக்கே கூச்சமா இல்ல?

— விலைய நான் போடலம்மா, கம்பெனி போடுது. பாருங்கம்மா, இந்த பிக்கப்புல மூணு தரம். இது மேல்தரம், பேரு ‘லோன் மெசா’. நடுத்தரம் ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அடித்தரம் நாப்பத்துநாலாயிரம். மூணுலயும் இன்ஜின் ஒண்ணுதான்.

— கேட்டியா ஹார்லன்? இன்ஜின் ஒண்ணுதானாம். இழுக்கப் போறது அதே மாட்டு டிரெய்லர். அப்ப மேல முப்பத்தஞ்சாயிரம் எதுக்கு?

— சீட்டு எல்லாம் தோலும்மா. நெசத் தோல்.

— வருஷத்துக்கு நூறு கன்னுக்குட்டிய தோலோட விக்கிறவகிட்ட வந்து தோலப் பத்திப் பேசுறியா நீ? சரி, அது என்ன சீட்டு முதுகுல கோணல்மாணலா?

— பண்ணைச் சூட்டுக்குறிம்மா. மாட்டுக்குப் போடுவீங்கல்ல, அதே மாதிரி.

— யார் பண்ணையோட குறி?

— யார் பண்ணையும் இல்லம்மா. கம்பெனில வரைஞ்சது.

— அட கர்த்தரே! இல்லாத பண்ணைக்குச் சூட்டுக்குறி! இவங்கப்பா காலத்துலருந்து இரும்பக் காய்ச்சிக் காய்ச்சி என் கையில இருக்கிற தழும்பப் பாரு. மாடு வளக்கிறவன் வாங்க முடியாத வண்டிக்கு மாடு வளக்கிறவன் வேஷம் போட்டு விக்கிறீங்க. உன் தொப்பியும் அப்படித்தான் இருக்கு, ஒரு மழையக் கூடப் பாத்ததில்ல.

— ஒலீட்டா, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டுமே! அந்தக் கார்ப்பெட்டப் பாரு, பால் கலர்ல. சாணி அப்பின பூட்ஸோட நீ ஏறுவ. அத யாரு தேய்க்கிறது? அடித்தரத்துல ரப்பர் தரை. ஹோஸ எடுத்து ஒரு பீச்சு பீச்சினா முடிஞ்சுது. தம்பி, இந்த மேல்தரம் முதுகுல எவ்வளவு எடை தாங்கும்?

— ஆயிரத்து நானூறு பவுண்டும்மா.

— அடித்தரம்?

— அது வந்து... ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

— திருப்பிச் சொல்லு.

— கூரையில கண்ணாடி, சீட்டுல மோட்டாரு, அதுங்களும் எடைதானம்மா. அதனால சுமக்கிறது கொஞ்சம் குறையும்.

— அதாவது காசு கூடக் கூட வண்டி கம்மியாச் சுமக்கும். இத வாயத் தொறந்து சொல்ல உனக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?

— நீங்க கேட்டீங்க, சொன்னேம்மா. வேணும்னா உள்ள போயி மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வரேன்.

— போவ. காப்பி குடிப்ப. திரும்பி வந்து, ‘ரொம்பச் சண்ட போட்டு ஆயிரம் கொறச்சேன்’னு சொல்லுவ. எங்களுக்குத் தெரியாதா?

— தம்பி, கதவத் தொறந்தா ஒரு படி தானா கீழ எறங்குமே. அது நடுத்தரத்துல வருமா?

— வராது சார். மேல்தரத்துல மட்டும்தான்.

— சீட்டு சூடாகுறது?

— அதுவும் நல்லா வேணும்னா மேல்தரம்தான் சார்.

— ஏன்யா, உன் தம்பி வெர்னன் சூடாகுற சீட்டு வாங்குனப்போ, சர்ச் வாசல்ல அத்தன பேரு முன்னாடி, ‘என்னடா, முட்ட வெச்சு அடைகாக்குறியா’ன்னு கேட்டது யாரு?

— நான்தான்.

— இப்ப என்ன வந்துச்சு உனக்கு?

— சும்மா கேட்டேன். தம்பி, டிரெய்லர ரிவர்ஸ் எடுக்க ஏதோ திருகு இருக்குன்னியே?

— அதுதான் சார் இதுல விசேஷமே. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருகுனா போதும், ஸ்டீயரிங் தானா சுத்திக்கும். நாலு பக்கமும் கேமரா. ஜென்மத்துல டிரெய்லர் ஓட்டாதவங்க கூட...

— இவரா டிரெய்லர் ஓட்டாதவரு? ஏலச் சந்தையில முப்பதடி டிரெய்லர ஒத்தக் கையால சந்துக்குள்ள சொருகுவாரு, இன்னொரு கையில தின்னுக்கிட்டிருக்கிற பர்ரிட்டோ ரொட்டி இருக்கும். நான் பக்கத்துல கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு அந்த வித்த இன்னிக்கு வரைக்கும் வரல. இவருக்குத் திருகு எதுக்குப்பா? நீ அடித்தரத்துல ஒண்ணு காட்டு.

— அது கையில இல்லம்மா. ஆர்டர் போட்டாத்தான் வரும். ஏழெட்டு மாசம் ஆகும்.

— பாத்தியா, நமக்கு ஆகுற வண்டிய வரவழைக்கவே மாட்டாங்க. பரவால்ல, ஆர்டர் போடு. பழைய வண்டி இன்னும் ஓடுது. ஒரு கதவு மட்டும்தான் கயித்துல கட்டியிருக்கு.

— வேணாம்.

— என்ன வேணாம்?

— ஏழெட்டு மாசம் காத்திருக்க முடியாது. தம்பி, இந்த மேல்தரத்தையே எழுதுப்பா.

— ஹார்லன் ப்ரூயிட்! புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கொட்டகைக் கூரை ரெண்டு வருஷமா ஒழுகுது. அத மாத்த ஒதுக்கி வெச்ச காசு அது. நான் பல்லு கட்டாம ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கேன், அந்தக் கூரைக்காக! எழுபத்தொரு வயசுல மைனர் மாதிரி ஊர் சுத்தணுமா உனக்கு? நாப்பத்துமூணு வருஷத்துல என்னைக் கேக்காம ஒரு கன்னுக்குட்டி கூட வித்ததில்ல நீ. கேக்குறேன்ல, பதில் சொல்லுய்யா!

— எழுதுப்பா.

— எழுது, நல்லா எழுதிக்கோ. நான் அதுல ஏற மாட்டேன். பழைய வண்டியிலேயே வீட்டுக்குப் போறேன்.

— கோவிச்சுக்காதீங்கம்மா. இந்தாங்க சார், இங்க ஒரு கையெழுத்து. அடுத்த பக்கம் ஒண்ணு. அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு சின்ன வேல சார். இந்த வண்டி ரெண்டு டிரைவரோட சீட்டு அளவ ஞாபகம் வெச்சுக்கும். கதவுல ஒண்ணு, ரெண்டுன்னு பொத்தான் இருக்கு. ஏறி உக்காருங்க, உங்க அளவ ஒண்ணுல போட்டுடலாம்.

— அவ அளவப் போடு.

— என் அளவா? நான் ஏற மாட்டேன்னு இப்பத்தான் கத்துனேன்!

— ஏறி உக்காரு, ஒலீட்டா. கால் எட்டுதான்னு பாரு.

— நீ என்னை வெச்சு விளையாடுறியாய்யா?

— விளையாடல. ஏறு.

— சரி சார், அம்மாவுக்கு ஒண்ணு. அப்ப உங்களுக்கு ரெண்டுல போட்டுடவா?

— ரெண்டு காலியா இருக்கட்டும் தம்பி. அமரில்லோ டவுன்ல கண் டாக்டர் என் கண்ணுக்கு ஏப்ரல் வரைக்கும்தான் வெளிச்சம்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள இவ டிரெய்லரோட சந்தைக்குப் போய்த் திரும்பி வர்றத ஒரு தடவையாவது நான் கண்ணால பாத்துடணும்.