மாரித்தாய் செத்துப்போன கதை

– புதுச்சேலையா இது? யாரும்மா எடுத்துக் குடுத்தா?

– வந்ததும் வராததுமா சேலையவே பாக்கியே சந்தனம். கட்டஞ்சாயா ஆறுது, குடி.

– நீயா எடுத்தியா?

– நான் எங்குட்டுப் போயி எடுக்க? இந்தச் சூரியநெல்லி மலையில எவன் சேலைக்கட வச்சிருக்கான்?

– அப்ப யாரு...

– ஒருத்தர் குடுத்தாக, கட்டிக்கிட்டேன். ஏன், நல்லா இல்லையா?

– நல்லாத்தானுங்க இருக்கு.

– என்னது?

– நல்லாத்தான் இருக்குன்னேன்.

– பெத்தவளவே 'ங்க' போட்டுப் பேசுத அளவுக்கு வந்துட்டியா. சித்தூருக் காலேஜுல இதத்தான் சொல்லித் தாராகளா?

– காலேஜுல இல்லம்மா. நான் தங்கியிருக்க கொழிஞ்சாம்பாறையில ஊரு பூரா அப்படித்தான். வீட்டுக்காரம்மா செபமாலையம்மா, பூனையக்கூட 'வாங்க'ன்னுதான் கூப்பிடுவாக.

– அந்தம்மா வயித்துக்குச் சோறு போடுதாகளா?

– அதெல்லாம் நல்லாப் போடுவாக. ஆனா நான் வாயத் தொறந்தா, 'ஏனுங்க, இது எந்தூருப் பேச்சு'ன்னு ஒரு சிரிப்பு. அதனால நான் ரொம்பத் தொறக்கறதில்ல.

– பேசாம எப்படிட்டி இருக்க?

– எழுதுவேன்.

– ம்... நான் பொழுதடைஞ்சா அடுப்போட பேசுதேன். நீ எழுதுதது அச்சுலயாவது வருது.

– அச்சுல வந்திருக்குன்னு... உனக்கு யாரு சொன்னா?

– லயத்து வீடுகள்ல காத்து வாக்குல வந்துச்சு. ஏன், எனக்குத் தெரியக் கூடாதா?

– நானே சொல்லணும்னுதான்... யாரும் வாசிச்சுக் காட்டினாகளா?

– எழுதுனவ நீ இருக்கையில எவன் வாசிக்கணும்? அந்தப் பத்திரிகைய பையில வச்சிருக்கேல்ல, எடு.

– அப்புறமா வாசிக்கேன்மா. பஸ்ஸுல குலுங்கி வந்தது, தலய வலிக்கு.

– பொள்ளாச்சி, உடுமலைன்னு ஊரச் சுத்தி அதத் தூக்கிட்டு வந்திருக்க. எடுட்டி.

– ...இந்தா.

– இதுல உம் பேரு எங்க?

– இங்க. 'சூரியநெல்லி சந்தனம்'னு போட்டிருக்காக பாரு.

– ஊரு பேரு எதுக்கு?

– வேற எவளோ எழுதுனதுன்னு ஒருத்தரும் நெனச்சிரக் கூடாதுல்ல.

– ஆமா, நெனச்சிரக் கூடாது. மேல பெருசா இருக்கே, அது என்ன?

– அது கதையோட பேரு. 'மழை'.

– ஒரு மழைக்கு இம்புட்டு நீளமா?

– அது... எழுத்தக் கொஞ்சம் இழுத்துப் போட்டிருக்காக.

– சரி. இந்தப் படத்துல பொம்பள ஒருத்தி படுத்திருக்காளே.

– காய்ச்சம்மா அவளுக்கு.

– காய்ச்சக்காரிக்குத் தலமாட்டுல வெளக்கு எதுக்கு?

– கரண்டு இல்ல.

– நம்ம லயத்துல எப்பட்டி கரண்டு இருந்துச்சு?

– குறுக்க குறுக்கப் பேசினா நான் வாசிக்க மாட்டேன்.

– வாசி, வாசி. வாயப் பொத்திக்கிட்டேன்.

– 'மலைமேல் மழை விடாமல் பெய்தது. வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதியும் மாரித்தாய் எழுந்திருக்கவில்லை...'

– எம் பேரையேவா போட்டிருக்க?

– வேற பேரு வச்சுப் பாத்தேம்மா. எந்தப் பேரும் தேயிலக் கொழுந்துக் கூடைய ஒழுங்காத் தூக்கல.

– அது சரி. பெரட்டுக்குப் போகலைன்னா அன்னிக்குப் பேரு விழாதே. சூப்பர்வைசர் சும்மாவா விட்டான்?

– 'மகள் ஓடி வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மாரித்தாய் எழுந்து உட்கார்ந்தாள். மழையும் விட்டது.' அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா?

– ஆமா.

– ஒரு கஷாயத்துக்கா இத்தன எழுத்து? கீழ எறும்பு கணக்கா ஓடிக்கிட்டே இருக்கே.

– அது வெளம்பரம்மா. தலவலி மருந்து.

– இதப் படிச்சவுகளுக்குத் தேவப்படும்.

– கேலி பண்ணாத.

– பெறகு என்னட்டி? எம்.ஏ. படிக்கேன், கதை எழுதப் படிக்கேன்னு போனவ. நீ எழுதுதத உங்க வாத்தியாரு தூக்கி வச்சுப் பேசுதாருன்னியே, இந்தக் கஷாயத்துக்கா?

– சாரு இதப் பேசல... அம்மா, ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.

– கேளு.

– எம்.ஏ. கடைசியில ஆராய்ச்சி எழுதிக் குடுக்கணும்ல. எனக்கு மட்டும் அதுக்குப் பதிலாச் சொந்தக் கதைகளக் குடுக்கலாம்னு சாரு மேலிடத்துல பேசி வாங்கியிருக்காரு. அத அப்படியே புத்தகமாப் போடுதேன்னு கோயம்புத்தூர்ல ஒருத்தரும் சொல்லுதாரு.

– புத்தகமாவா? அட்டையெல்லாம் வச்சா?

– அட்டையெல்லாம் வச்சு. ஆனா இந்தக் கதை மொதல்ல இருக்கணுமாம். இத எடுத்துட்டா மத்ததுல உசுரே இல்லையாம். நான் எடுத்துரலாம்னு இருக்கேன்.

– ஏன்?

– உனக்குப் பிடிக்காது.

– கஷாயம் கசக்கும்தான். அதுக்காக?

– அம்மா...

– சந்தனம், நீ வாசிக்கையில உங் கண்ணு போன பக்கமும் வாயி போன பக்கமும் வேற வேறயா இருந்துச்சு. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. உம் மூஞ்சி தெரியும். உள்ளத வாசி.

– வேண்டாம்மா.

– வாசிட்டி.

– ...'ரோட்டில் சரிந்த மண்ணை அள்ளிய பிறகுதான் மகளுக்கு பஸ் கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆணியில் கொழுந்துக் கூடை தொங்கியது. அதன் கயிற்றில், மாரித்தாயின் நெற்றி பட்ட இடம் மட்டும் கறுத்திருந்தது...'

– நிறுத்தாத.

– 'பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரும் என்று, பொழுது சாயும்வரை அவளைக் கிடத்தி வைத்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை. உடுத்தியிருந்த பழைய சேலையோடு மாரித்தாயை மண்ணுக்குள் இறக்கினார்கள்.'

– கயிறு கறுத்திருக்கத எப்பப் பாத்த?

– சின்னப் புள்ளையில இருந்து பாக்கேன்.

– நான் பாத்ததே இல்ல. அது எப்பவும் தலையிலல்ல இருக்கும்.

– அம்மா, நீ சாகணும்னு நான் எழுதலம்மா.

– பெறகு?

– போன ஆடியில ரோடு சரிஞ்சுச்சுல்ல. எஸ்டேட்டு லயம் ஒண்ணு மண்ணுக்குள்ள போயிட்டுன்னு ரேடியோவுல சொன்னான். எந்த லயம்னு சொல்லல. பஸ்ஸும் விடல. தெனமும் பொள்ளாச்சி ஸ்டாண்டுல வந்து நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிப் போனேன்.

– செபமாலையம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல.

– சொன்னா நல்லாப் பாத்துக்கிடுவாகதான். ஆனா அவுக பேச்சுல எனக்கு அழத் தெரியலம்மா. கதவச் சாத்திக்கிட்டு எழுதினேன். எழுதி முடிச்சப்ப நீ நெசமாவே செத்துட்ட மாதிரி இருந்துச்சு.

– அந்தச் சரிவு சின்னக்கானலுக்கு அந்தப் பக்கம்ல. இங்க ஒரு ஓடு கூட அசையல.

– அது எனக்குப் பெறகுதான தெரியும்? தெரிஞ்சதும் கிழிச்சுப் போட நெனச்சேன். சாரு படிச்சிட்டாரு... நல்லாருக்குன்னுட்டாரு. ஒருத்தர் நல்லாருக்குன்னதும் எனக்குக் கிழிக்க மனசு வரல. அதுதாம்மா எந் தப்பு.

– கோடி வரலைன்னு எதுக்கு எழுதுன?

– அய்யா செத்தப்பவே உனக்குப் பொறந்த வீட்டுக் கோடி வரலையே. மலைக்கு மேல வாக்கப்பட்டவ எந் தங்கச்சியே இல்லைன்னவுகதான மாமா.

– அதுக்காகக் 'கந்தப்பன் வரல'ன்னு பேரு போட்டா எழுதுவ?

– ... பேர நான் வாசிக்கலையே.

– ம்.

– அம்மா, 'அண்ணன் வரவில்லை'ன்னுதான வாசிச்சேன். மாமா பேரு அதுல இருக்கது உனக்கு எப்படித் தெரியும்?

– மாமா ஊரு சங்கரங்கோயில்ல, முடி வெட்டுத கடையில, இந்தப் பத்திரிகை கெடந்திருக்கு. அவுக மகன் வாசிச்சிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கான். சூரியநெல்லி, மாரித்தாய், கந்தப்பன்... அத எவன் கதைன்னு நெனப்பான்?

– மாமா இங்க வந்தாகளா?

– வந்தாக. துட்டி கேக்க.

– அப்ப இந்தச் சேலை...

– அவுக கொண்டாந்த கோடிதான்.

– அதப் போயி உடுத்திக்கிட்டு இருக்கியேம்மா. யாராவது தஞ் சாவுக்கு வந்த கோடிய உசுரோட உடுத்துவாகளா?

– செத்த பெறகு உடுத்தினா எனக்குத் தெரியவா போகுது? கரை நல்லாருக்கு பாரு.

– எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கஷாயத்தக் கேட்டுக்கிட்டு இருந்தியா?

– நல்லாத்தான் புளுகுன. அதுக்குத் தனியா ஒரு எம்.ஏ. தரலாம்.

– அம்மா, அந்தக் கதைய நான் எடுத்துருதேன். புத்தகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

– எடுத்தா எங்கிட்டப் பேசாத. மொதல்லயே வையி.

– மாமா உன்னப் பாத்ததும் என்ன சொன்னாக?

– உடனே எங்க பாத்தாக? ஞாயித்துக்கெழம, லயத்துல ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாக. வாசல்ல வந்து விழுந்து, 'கோடி இல்லாம உன்னய அனுப்பிட்டேனே தாயி'ன்னு ஒரே அழுக.

– நீ எங்க இருந்த?

– உள்ளதான். கதவு சாத்தியிருந்துச்சு. எந்திரிச்சுத் தொறந்திருக்கலாம்... எனக்குன்னு ஒருத்தர் அழுது நான் கேட்டதே இல்ல சந்தனம். அழட்டும்னு, கொஞ்ச நேரம் செத்தவளாவே இருந்துட்டேன்.