வெள்ளை வைனுக்கு நண்டு

நோபல் பார்க் மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி நின்றார்கள்.

"வெள்ளை வைனுக்கு நண்டுக்கறி சரிவருமோ?" என்று மனைவி கேட்டார்.

"ஓம். சிவப்புக்குத்தான் ஆட்டிறைச்சியாம். மருமகன் போனில சொன்னவர்."

"மருமகனோ? கலியாணத்துக்கும் போகாமல், 'அந்த வெள்ளைக்காரன்' எண்டுதானே இவ்வளவு காலமும் சொன்னனீங்கள்."

கணவர் கண்ணாடிக்குள் இருந்த மீன்களைப் பார்த்தார்.

"தன்ர சின்னத் திராட்சைத் தோட்டத்தில தானே செய்த வைனாம். ரெண்டு விதத்திலயும் ஒவ்வொரு போத்தல் கொண்டு வாறாராம். முதல்முதல் எங்கட வீட்டுக்கு வாறார், பாவம்."

"நீங்கள்தான் குடிக்கிறேல்லையே."

"இண்டைக்கு ஒரு வாய் குடிப்பன். பிள்ளை என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பாள்."

மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.