பின்தகரத்தில் ரெண்டு தட்டு

சாயங்காலம் ஏழு மணி. போடிமெட்டுக்கு ஏறுற ரோடு. மழை விட்டு, மூட்டம் நல்லா இறங்கியிருச்சு. முன்னாடி வண்டி இல்ல. பின்னாடியும் இல்ல. ஒரே ஒரு ஜீப்பு மட்டும் முக்கி முனகி மேல போகுது...

யாருக்கு நடந்ததுன்னு முதல்லயே சொல்லிர்றேன். நம்மகூட பி செக்‌ஷன்ல படிச்சாளே சிவரஞ்சனி, அவ சித்தப்பாவுக்கு. காசிமாயன்னு பேரு. ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு ஓட்டுறாரு. அப்போ காய் எடுக்குற சீசன். விடியுமுன்ன மேல, பொழுது சாயக் கீழ. வீட்டுக்கு வந்தா சட்டையக்கூடக் கழட்ட மாட்டாராம். சோத்துல கைய வச்சபடியே தூங்கிருவாராம்.

அன்னைக்கு ஆளுகள எறக்கிவிட்டுட்டு, வெறும் வண்டியோட மறுபடி மேல ஏறினாரு. மகாராஜனக் கூட்டியார.

மகாராஜன் அவர்கூட ஆறாப்புல இருந்து ஒரே பெஞ்சு. மேல ஒரு எஸ்டேட்டுல ஏலக்காய் உலர்த்துற எடத்துல, அடுப்புக்கு விறகு போடுற சோலி. ராத்திரி பூரா தீ அணையக்கூடாது. அதனால நல்லது கெட்டதுக்குக்கூட அவரு கீழ வர்றதில்ல. மறுநாள் பழைய பள்ளிக்கூடத்துல அவங்க செட்டு எல்லாரும் கூடுறாங்க. "இந்தத் தடவையும் வரலைன்னா என் மூஞ்சியே மறந்துருவீங்கடா. லீவு சொல்லிட்டேன். நீ வந்து கூப்பிட்டுப் போ"ன்னு கேட்டிருக்காரு. இவரும் வர்றேன்னுட்டாரு.

பாண்டீஸ்வரி, பயமா இருந்தா காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்க. கேளு.

அந்த ஜீப்புகள்ல ஒரு பழக்கம் உண்டு. கடைசியா ஏறுற ஆளு பின்தகரத்துல ரெண்டு தட்டு தட்டணும். எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம். டிரைவர் திரும்பிப் பாக்க மாட்டாரு. சத்தம் கேட்டா கை தானா கியருக்குப் போயிரும். படிக்கிற காலத்துல இவங்களும் காக்கி டவுசரோட சிலமலையில இருந்து போடிக்கு அப்படித்தான் தொத்திக்கிட்டு வருவாங்களாம். தட்டுறது எப்பவும் மகாராஜன். டொக்... கொஞ்சம் விட்டு... டொக்.

எஸ்டேட்டுக்கு ரோடு பிரியுற பிரிவுல வண்டிய நிறுத்தினாரு. ஆளைக் காணோம். என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. வைப்பர் கிறீச்... கிறீச்... ஸ்டீயரிங்குல நெத்திய வச்சாரு. கண்ணு செருகுது.

டொக்.

...

டொக்.

"ஏறிட்டியாடா?"

பச்சை ஏலக்கா மணம் வந்துச்சு. விறகுப் புகை வந்துச்சு. கூடவே, என்னமோ, சாக்பீஸ் வாசம்... வண்டி கிளம்பிருச்சு.

அதுக்கப்புறம் ஒரு வளைவுகூட அவருக்கு ஞாபகத்துல இல்ல. சிரிப்புச் சத்தம் கேட்டுச்சாம். யாரோ வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, யாரோ கணக்கு வாத்தியாரு மாதிரிப் பேசிக் காட்டுற மாதிரி. மகாராஜன்தான் பழசையெல்லாம் பேசிட்டு வர்றான்னு நெனச்சிருக்காரு. ரொம்ப நாளைக்குப் பெறகு உடம்பு லேசா இருந்துச்சாம்.

போடியில டீக்கடை முன்னாடி வண்டி நின்னுச்சு. எறங்கிப் பின்னாடி போனாரு.

"வாடா, டீ குடிப்போம்."

யாரும் இல்ல. சீட்டு மட்டும் ஈரமா இருந்துச்சு.

"என்னண்ணே, தோளெல்லாம் வெள்ளை? செவத்துல சாஞ்சீங்களா?"ன்னு டீக்கடைக்காரரு கேட்டாரு. தட்டிவிட்டுப் பாத்தா, சாக்பீஸ் தூளு.

அப்போ போன் அடிச்சுச்சு. மகாராஜன்.

"ஏன்டா என்னைய விட்டுட்டுப் போன? கையக் காட்டிக்கிட்டே ஓடியாந்தேன்டா."

"நீதானடா தட்டுன?"

"நான் எங்க ஏறினேன், தட்டுறதுக்கு? தொத்தக்கூட எடமில்ல. பூரா காக்கி டவுசர் போட்ட பயலுக."

இவரு திரும்பி ஜீப்பப் பாத்தாரு. அப்புறம் மகாராஜன் மெதுவா, "வெரசா வாடா. பக்கத்துல மூங்கி முறியுது. ஆனை நிக்கிதுபோல"ன்னாரு.

டீ அப்படியே இருந்துச்சு. சாவியத் திருகி மறுபடி மலையேறினாரு. பிரிவுல, மரத்தோட ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தாரு மகாராஜன். அவர முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டியாந்தாரு. கீழ வர்ற வரைக்கும் மகாராஜன், சித்தப்பா மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தாரு.

மறுநாள் பள்ளிக்கூடத்துல ஒரே கூத்து. பிரியாணி, போட்டோ, பட்டப்பேரு சொல்லிக் கட்டிப்பிடிக்கிறது. வழுக்கை விழுந்த ஆளுகெல்லாம் பழைய பெஞ்சுல நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மகாராஜன் எலையில கையே வைக்கல. எல்லாரும் கை கழுவப் போன நேரத்துல, கடைசி பெஞ்சுல சித்தப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"வண்டியோட்டுற ஆளு பயந்துரக்கூடாதேன்னுதான் நேத்துச் சொல்லல."

"என்னது?"

"அந்த வண்டிய ஓட்டுனது நீ இல்லடா. மீசை மொளைக்காத பய. ஸ்டீயரிங்குக்கு மேல அவன் தலை சரியா எட்டவே இல்ல."

"அப்ப நான் எங்கடா இருந்தேன்?"

"பின்னாடி. அவனுக மடியில தலைய வச்சுத் தூங்கிக்கிட்டு இருந்த. நான் உன் பேரச் சொல்லிக் கத்தினேன். தகரத்துக்கிட்ட உக்காந்திருந்தவன், எழுப்பாதன்னு வாயில வெரல வச்சுக் காட்டினான்..."

மகாராஜன் தண்ணி குடிச்சாரு.

"அவனுக்கு என் மூஞ்சிடா."