ஞாயிற்றுக்கிழமை கடலில் ஆள் இருக்காது

“ஹலோ... ஹலோ... ஆபீஸா? வடக்குச் சுவர் கொட்டகையில இருந்து பேசுதேன். வாட்ச்மேன் வளன்... வளன், சார். கல்லேத்துற செட்டுல இருந்தவன். கால் நசுங்குன பெறவு காவலுக்குப் போட்டாவள்லா, அந்த வளன்... ஆமா. ஆமா. யாரு, தேவபிரசாதம் சாரா? நல்லதாப் போச்சு. வெடியை நிறுத்தச் சொல்லணும் சார். இப்பமே... இன்னைக்கு வைக்கப் போற வெடிதான். வேற என்ன வெடி.”

ரிசீவரை வளன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். விபத்து நடந்தால் மட்டும் தொட வேண்டும் என்று வைத்துவிட்டுப் போன போன் அது. அவன் இதற்கு முன் தூசி துடைக்கத்தான் அதைத் தொட்டிருக்கிறான்.

சன்னலுக்கு வெளியே அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டு கிடந்தது. அதன் முனைக்கு அப்பால் வெடி வைக்கிற மிதவை நின்றது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வருகிற வாய்க்காலை ஆழமாக்க, கடலடிப் பாறையை உடைக்கிறார்கள். மிதவையில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அதற்கும் அப்பால், ஆளில்லாமல் நங்கூரம் போட்ட மண்வாரிக் கப்பல். அந்தக் கப்பலின் மறைவில் வெள்ளையடித்த வள்ளம் ஒன்று. மிதவையில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. சுவர் மேல் இருக்கிற வளனுக்குத் தெரிந்தது. வள்ளத்தின் ஓரத்திலிருந்து கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் அவன் தம்பி ரோச்.

“கடல்ல ஆள் இருக்கு சார்... இருக்குங்கேன்... ஞாயித்துக்கிழமைதான். எனக்குத் தெரியாதா. விடியப் பூசை பாத்துட்டுத்தான் டூட்டிக்கு வந்திருக்கேன்... இல்ல சார், வலை போடுத ஆள் இல்ல. சர்க்கார் வள்ளம். ஆபீஸர்மாரு ரெண்டு பேரு, முங்கிப் பாக்குததுக்கு நம்ம பயலுவ ரெண்டு பேரு. ஒருத்தன் புன்னைக்காயல்காரன். இன்னொருத்தன் என் தம்பி... குடிக்கவா? தவக்காலம் சார். சாம்பல் புதன்ல இருந்து மோந்துகூடப் பாக்கல. நீங்க நாசரேத்துக்காரரு, சபை வேறன்னாலும் வேதக்காரருதான, உங்களுக்கு நான் சொல்லணுமா... செரி. செரி. கோவப்படல. நீங்க கேளுங்க, நான் சொல்லுதேன்.”

பரவர் எல்லாரும் பூசைக்குப் போகிற நாள் என்பதால் இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுமரம்கூட இறங்காது. வேம்பாரிலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் அப்படித்தான். வெடிக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமையை வெடி நாளாக வைத்திருந்தார்கள். மற்ற நாள் என்றால் ஊர் ஊராக ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். வலை அறுந்தது, மீன் போச்சு என்று சண்டைக்கு வருவார்கள். ஞாயிறு என்றால் யாரிடமும் சொல்ல வேண்டாம். இத்தனை நாளும் சொல்லாமலே நடந்தது. ஒரு பொல்லாப்பும் வந்ததில்லை.

“கூட்டு ஆய்வாம் சார்... அதான், வாய்க்கால் வெட்டி அள்ளுத சேத்தைக் கொண்டுபோயிக் கொட்டுதீயள்லா, அது கடலடியில முத்துச்சிப்பி வெளையுத பாரு மேல படியுதா, சிப்பி மூச்சு முட்டிச் சாவுதான்னு பாக்குததுக்கு. மீன் இலாகா, கப்பல் இலாகா, நம்ம திட்ட ஆபீஸ், மூணும் சேந்து... யாரு சொன்னதா? தம்பிதான். நேத்துச் சோறு திங்கும்போது சொன்னான். மூணு ஆபீசுக்கும் ஒரு நாள் தோதுப்படல. திங்கள்னா இவியளுக்குக் கூட்டம், புதன்னா அவியளுக்கு வள்ளம் இல்ல. கடைசியில எல்லாருக்கும் கை ஒழிஞ்ச நாளு ஞாயிறுன்னு வச்சிட்டாவ. ஆபீஸர்மாரு சாயங்கால ரயிலைப் பிடிச்சு மெட்ராஸ் போயிரணுமாம்... எங்க ஆளுவ மாட்டோம்னுதான் சொன்னாவ சார். சாமியார்கிட்ட போயிக் கேட்டு, மொதப் பூசை பாத்துட்டுப் போங்கன்னு அவரு உத்தரவு குடுத்த பெறவுதான் கெளம்புனது... ஏன் நேத்தே சொல்லலையா? பாருக்குப் போறோம்னான். பாரு தெக்க கிடக்கு. காலையில இந்த ஜெட்டியில இருந்துதான் வள்ளம் பொறப்பட்டுச்சு, தெக்க திரும்பித்தான் போச்சு. நானும் கண்ணால பாத்தேன். இப்பம் கொடி ஏறுதேன்னு சன்னல்ல எட்டிப் பாத்தா இங்கன நிக்கி. வெட்டுத எடத்துச் சேத்தையும் பாக்க வந்திருப்பாவ போல.”

மறுபக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தேவபிரசாதம் கெட்டவர் இல்லை. சம்பள நாளில் கைநாட்டுக்காரர்களை ஒதுக்கி நிறுத்தாத ஒரே குமாஸ்தா அவர்தான். ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்பார்.

“...இல்ல சார். அதைத்தான் சொல்ல வாரேன். நம்ம ஆபீஸ் ஆளு வள்ளத்துல இல்ல. ஜெட்டியில அவருக்காகக் காத்துக் கெடந்தாவ. ரெண்டு ஆபீஸரும் வாட்சைப் பாக்குததும் ரோட்டைப் பாக்குததுமா நின்னாவ. வரல. போயிட்டாவ... அந்த மூணு ஆபீஸருல வெடி என்னைக்குன்னு தெரிஞ்சவரு அவரு ஒருத்தர்தான். அவருதான் ஞாயித்துக்கிழமைன்னு வீட்டுல இருந்துக்கிட்டாரு... நான் யாரையும் குத்தம் சொல்லல சார். நான் யாரு குத்தம் சொல்ல. மீன் இலாகாக்காரரு, துறைமுகத்துல சொல்லியிருப்பாவன்னு நெனைச்சிருப்பாரு. நீங்க, அவிய கேட்டுக்கிடுவாவன்னு நெனைச்சிருப்பீய. அதெல்லாம் நாளைக்குப் பேசுவோம்.”

அப்போது மிதவையில் சைரன் ஊதியது. நீளமாக, ஒரே மூச்சில். கொட்டகையின் தகரம் அதிர்ந்து அடங்கியது. இது முதல் சைரன். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்தில் இரண்டாவது ஊதும். அதோடு வெடி.

“கேட்டியளா?... அதான்... வள்ளத்துல உள்ளவியளுக்கும் கேக்கும். கேட்டு என்ன? வந்த ரெண்டு பேரும் மில்லுச் சைரன்னு நெனைப்பாவ... நம்ம பயலுவளா? ஏன் சார், ஞாயித்துக்கிழமை கடல்ல நின்னு இந்தச் சைரனைக் கேட்டவன் எங்க ஊருல ஒருத்தன் உண்டா? அது எதுக்கு ஊதுதுன்னு அவனுவளுக்கு எப்படித் தெரியும்?... துண்டு வீசாம இருப்பனா. முனையில போயி நின்னு வீசுனேன். மிதவைக்காரன் திருப்பிக் கைய வீசுதான். தெனமும் பாக்குத ஆளுல்லா, சும்மா கூப்பிடுதேன்னு நெனைச்சிக்கிட்டான். காத்து எதிர்க்காத்து, கத்துனா அங்க எட்டாது... வயர்லெஸ்ல சொல்லுங்க சார். ஆமா. ஆமா. இருக்கேன். வைக்கல. போயிட்டு வாங்க.”

ரிசீவருக்குள் வெறும் இரைச்சல். வளன் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முங்குகிற இருவரும் மாறி மாறிக் கயிறு பிடிப்பார்கள்; வள்ளத்தில் பிடித்து நின்றவன் குனிந்து இழுத்தான். ஒரு தலை மேலே வந்தது. ரோச்சா, மற்றவனா, இத்தனை தூரத்தில் தெரியவில்லை. தலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது. மறுபடி முங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை வெடிக்குப் பிறகு சுவரோரம் மீன் மிதந்து வந்ததை வளன் பார்த்திருந்தான். வயிறு வெளுத்து, வரிசையாக. ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். செதில்கூட உதிரவில்லை. வெளியே ஒரு காயமும் இல்லை. அறுத்தபோதுதான் உள்ளே எல்லாம் கூழாகக் கிடந்தது. அதைத் தின்ன மனம் வராமல் திரும்பக் கடலிலேயே எறிந்துவிட்டான்.

“ஆ... சொல்லுங்க சார்... சொல்லியாச்சா? நிறுத்திட்டாவளா?... நெசமாவா... மாதாவே... சார், உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்... ஆமா. ஆமா. பயந்துட்டேன்லா. அவனுக்கு இப்பம்தான் கலியாணம் பேசி வச்சிருக்கு. வேம்பாருப் பொண்ணு, இசபெல்லான்னு பேரு. உயிர்ப்பு ஞாயிறு கழிச்சுக் கோயில்ல கலியாண ஓலை வாசிக்கணும்... கண்டிப்பா வரணும் நீங்க. அதுக்கு முன்னால ஒரு நாளு சீலா மீன் கொண்டாந்து தாரேன். வெடியில செத்த மீன் இல்ல சார், தூண்டில்ல புடிச்சது... இருங்க... சார், ஒரு நிமிசம்.”

கொடி இறங்கவில்லை. மிதவையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் தலையில் துண்டைக் கட்டினான்.

“சார், கொடி அப்படியே நிக்கி... இறக்குவாவளா? எப்பம்? ஆளுவ ஒதுங்குதாவளே... எந்த மிதவையில சொன்னிய?... தெக்கு மிதவையா?... சார். தெக்கு மிதவையில இன்னைக்கு வேலையே கிடையாது. அது கரையோரம் கட்டிக் கெடக்கு. அவன் நிறுத்திட்டேன்னு சொல்லாம என்ன சொல்லுவான்? நான் போனை எடுத்ததும் வடக்குச் சுவர்னுதான சொன்னேன்... இங்க நிக்கது கம்பெனி மிதவையா இருந்தா என்ன? நம்ம வயர்லெஸ்ல ஏன் வராது?... கப்பல் இலாகாவுக்குக் கீழ உள்ளதா. செரி, அங்க சொல்லுங்க... பூட்டியிருக்கா... அண்ணாச்சி, அந்த இலாகா ஆபீஸரு அந்தா அந்த வள்ளத்துலதான் உக்காந்திருக்காரு. மெட்ராஸ்ல இருக்குத அவருக்குத் தெரியாம அவரு இலாகா வைக்குத வெடி அவரு காலுக்கடியிலதான் கெடக்கு... இருக்குதது ஒரு கடலு. அதுக்கு எதுக்கு ரெண்டு வயர்லெஸ் வச்சிருக்கிய?”

சார் என்பது வாயிலிருந்து எப்போது கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

“போர்டா?... ஆமா, செவுத்துல ஒரு போர்டு தொங்குது. பொறுங்க, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். முதியோர் பள்ளிக்கூடம் போயி ரெண்டு வருசம்தான் ஆகுது... அ... வ... ச... ர... அவசரத்துக்கு... அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்... ரெண்டு... ஒண்ணு... அண்ணாச்சி, இது உங்க நம்பருதான்.”

தேவபிரசாதம் வேகமாகப் பேசினார். வளன் கேட்டுக்கொண்டே மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு.

“இஞ்சினியர் வீட்டுக்கு ஆள் விடுதீரா? ஆள் போயி, அவரு சட்டை போட்டு, ஜீப்பு வந்து... என்னவே பேசுதீரு. எமர்ஜென்சி போயி ஒரு வருசம் ஆகுது, நீரு இன்னும் மேலிடத்து உத்தரவுங்கீரு... அழலவே. நான் அழல. கேளும். ஞாயித்துக்கிழமை கடல்ல ஆள் இருக்காதுன்னுதான அவனுவ வெடி வைக்கான். ஆள் இருக்குன்னு கண்ணால பாத்தா வைக்க மாட்டான்லா... நான்தான். முனையில இருந்து குதிச்சு மிதவைக்கு முன்னால நீந்தப் போறேன்... கால் போனா என்ன, கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு. பரவன் நீந்துததுக்குக் காலா வேணும்... பாப்பான். பாக்கலன்னா... பாப்பான்வே. சும்மா இரும்.”

சுவரின் பக்கம் காற்று இன்னும் ஓங்கியது. மிதவையில் யாரோ பாட்டுப் பாடுவது ஒரு நொடி கேட்டு நின்றது.

“அண்ணாச்சி... கோவத்துல மரியாதை இல்லாம வே போட்டுட்டேன். மனசுல வைக்காதீய. நான் போனை வைக்கல. மேசையில கிடத்திட்டுப் போறேன். நீங்களும் வைக்கப்படாது. காதுல இருந்து எடுக்கப்படாது. ஒரு சத்தமும் வரலன்னா நானே நனைஞ்சுபோயி வந்து எடுத்துப் பேசுதேன்... சத்தம் வந்துச்சுன்னா, மூணு ஆபீசுக்கும் நீங்களே சொல்லிருங்க. யாரும் சொல்லலைன்னு இந்தத் தடவை ஆகிறக்கூடாது... ஆமா. ஆமா அண்ணாச்சி. செபம் பண்ணுங்க. உங்க கோயில் செபமா இருந்தாலும் செரிதான்.”

ரிசீவரை மேசையில் படுக்க வைத்தான். அதற்குள்ளிருந்து அவன் பெயரைக் கூப்பிடுகிற குரல் சின்னதாக வந்தது. வாசலைத் தாண்டியதும் அதுவும் கேட்கவில்லை.

பாசி படிந்த கற்களின் மேல் நொண்டி நொண்டி ஓடினான். இந்தக் கற்களில் பாதி அவன் தோள் சுமந்தவை. எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று காலுக்குத் தெரியும். முனைக்கு வந்து மூச்சு வாங்கி நின்றபோது மிதவைக்காரன் அவனைப் பார்த்துவிட்டான். பழையபடி சிரித்துக்கொண்டு கையை வீசினான். வளன் கையை அசைக்கவில்லை. மண்வாரிக் கப்பலுக்கு அப்பால் வெள்ளை வள்ளத்தில் கயிறு இறுக்கமாகக் கீழே இறங்கியிருந்தது.

இரண்டாவது சைரன் தொடங்கியது.

அது ஓய்வதற்குள் வளன் குதித்தான். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. அங்கே சைரன் இல்லை. கடலுக்கு அடியில் இருக்கிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவே கேட்காது என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.